மழை மாறிப்போச்சு, விதி மாறலையே!

(கடைமடைக் கிளைகளில் நடந்த ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டங்களில் நமது சங்கத்தின் ஒன்றியச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



பருவநிலை மாற்றம், பருவநிலை மாற்றம் என்று டி.வி.யிலும் பேப்பரிலும் பேசுகிறார்கள். வெளிநாட்டில் மாநாடு போடுகிறார்கள். பனிமலை உருகுது, கடல் ஏறுதுன்னு படம் காட்டுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் நாம யாரும் பனிமலையைப் பார்த்ததில்லை. நமக்கு அந்த மாற்றம் தெரிஞ்சது அறுப்புக்கு நின்ன வயலில்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தை நினைச்சுப் பாருங்கள். தை மாதம் பாதி தாண்டியாச்சு. சம்பா பழுத்துத் தலை சாஞ்சு நிக்குது. அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வெச்சு, ரெண்டு நாளில் வரேன்னு டிரைவரும் சொல்லிட்டார். ஈரம் காயறதுக்குள்ளே உளுந்தையும் பயிருக்குள் தெளிச்சாச்சு. அப்போது பிடித்தது மழை. விட்ட பிறகு வயலில் இறங்கினால் பயிர் பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கிடக்கு. கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தால் நெல்லு முளை விட்டிருக்கு. தெளிச்ச உளுந்து அழுகிப்போச்சு. டயர் மெஷின் இறங்காது, செயின் மெஷின்தான் இறங்கும். அதற்கு மணிக்கு வாடகையும் கூட, அறுக்கிற மணியும் கூட.

எனக்குச் சொந்தம் ரெண்டு ஏக்கர். கோயில் குத்தகை ஒரு ஏக்கர். சொந்த வயலுக்குக் காப்பீட்டுப் பிரீமியம் கட்டியிருந்தேன். 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும்னு விதி. சொன்னேன். “ஐயா, அறுத்துக் காயப் போட்ட கதிர் நனைஞ்சிருந்தா வழி இருக்கு. நின்ன நெல்லு தண்ணியில் மூழ்கினதுக்குத் தனி வயல் கணக்கு கிடையாது. ஊர் சராசரி வரட்டும், பார்க்கலாம்” என்றார்கள். ஊர் சராசரி வந்தது. மேட்டு வயல்காரர்கள் சிலர் மழைக்கு முன்பே அறுத்துவிட்டதால் சராசரி தப்பிச்சுது. நான் தப்பலை. குத்தகை ஏக்கருக்கு அந்தப் பேச்சே இல்லை. அடங்கல் என் பேரில் இல்லாததால் பிரீமியம் கட்டவே முடியவில்லை.

என் கதையைச் சொல்லி அனுதாபம் தேட நான் இங்கே வரவில்லை. இதே மாதிரி ஆனவங்க கையைத் தூக்குங்கன்னு கேட்டால் பாதிப் பந்தல் கையைத் தூக்கும். அந்த வருஷம் 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு மாநில அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தது. ஏக்கர் கணக்கில் 8,000 ரூபாய். வாங்கினோம், இல்லேன்னு சொல்லலை. ஆனால் நாற்றங்கால் முதல் அறுப்பு வரை போட்ட காசோடு அதை வெச்சுப் பாருங்கள். உங்களுக்கே தெரியும்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். பருவம் மாறியது. விவசாயி தன்னால் முடிஞ்ச அளவு மாறிக்கொண்டான். மாறாமல் இருப்பது ஆபீசில் இருக்கும் விதிப் புத்தகம். அதை மாற்றத்தான் இந்தப் போராட்டம்.

தேதி எங்கே போச்சு?

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கணும். குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் அந்தத் தேதிதான் பஞ்சாங்கம். கடந்த காலக் கணக்கைப் பார்ப்போம். 2016-இல் திறந்தது செப்டம்பர் 20. 2017-இல் அக்டோபர் 2. 2018-இல் ஜூலை 19. 2019-இல் ஆகஸ்ட் 13. 2020, 2021 ரெண்டு வருஷமும் ஜூன் 12. 2022-இல் முன்கூட்டியே மே 24. 2023-இல் ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். அந்த வருஷம் கடைமடையில் குறுவை கருகியதை மறக்க முடியுமா? 2024-இல் ஜூலை 28. 2025-இல் ஜூன் 12. ஆக, பத்து வருஷத்தில் சொன்ன தேதியில் திறந்தது நாலே வருஷம். அந்த நாலிலும் ஒரு வருஷம் பாதியில் நின்றது.

இதில் கர்நாடகத்தின் பங்கும் உண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் மாதா மாதம் வர வேண்டிய தண்ணீருக்கு மன்றாட வேண்டியிருக்கு. குடகில் தென்மேற்குப் பருவமழை நல்லாப் பெய்தால் உபரியைத் திறந்து விடுவார்கள். பொய்த்தால் இல்லை என்பார்கள். மழை தாறுமாறாக ஆக ஆக இந்தச் சண்டை கூடத்தான் செய்யும்.

அடுத்தது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம்ம பெரியவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். மழை பரவலாகப் பெய்யும், பயிர் குடிக்கும், மிச்சம் வடியும். தை பிறந்தால் வானம் வெளுக்கும். இப்போது அடைமழை குறைஞ்சு, ஒரே நாளில் கொட்டித் தீர்க்குது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்தப் பகுதியில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். நமக்கு 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்திலேயே மழை கொட்டி, அறுக்க வேண்டிய சம்பா மூழ்கியது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம்ம கரையில் ஏறியதைப் பற்றி நான் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை. தென்னை சாய்ந்த தோப்புகள் எத்தனை வருஷம் வெறுமையாகக் கிடந்தன என்று பார்த்தவர்கள்தான் நாம்.

ஏன் இப்படி என்றால் விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் எளிது. கடலும் காற்றும் சூடாகிறது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரே இடத்தில் இறக்கி வைக்கும்போது வெள்ளம். சூட்டிலும் நஷ்டம் உண்டு. பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் அடித்தால் நெல்லுக்குச் சரியாகக் கருப்பிடிக்காது, பதர் விழும். ராத்திரிப் புழுக்கமும் பயிரைத் தின்னும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல் கணக்கை 2004-இல் வெளியிட்டது. இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறியபோது விளைச்சல் 10 சதவீதம் குறைந்தது என்று அதில் சொன்னார்கள். உரம் போட்டும் மூட்டை ஏறலையேன்னு நாம தலையில் கை வைத்து உட்கார்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாம சும்மா இருக்கலை

விவசாயி பழைய முறையை விடமாட்டான், அதனால்தான் நஷ்டம் என்று சில அதிகாரிகள் பேசுகிறார்கள். அவர்கள் நம்ம வயலுக்கு வந்து பார்க்கட்டும்.

தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் நாற்று விட்டு நடுவதைக் கடைமடையில் பெருமளவு விட்டுவிட்டோம். புழுதியில் நேரடியாக விதைக்கிறோம். கிடைக்கிற மழையில் பயிர் முளைக்கும், நடவுச் செலவும் மிச்சம். அதற்கு விலையும் கொடுக்கிறோம். களை மண்டுது. முளைச்சு வரும்போது ஒரு பெருமழை வந்தால் மறுபடி விதைக்கணும்.

155 நாள் ரகம் மட்டுமே போட்ட வயலில், தண்ணீர் தாமதமான வருஷங்களில் 130, 135 நாள் ரகத்துக்கு வந்தோம். பள்ளக்கால் வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 வாங்கிப் போட்டோம். பயிர் இளசாக இருக்கும்போது பத்துப் பதினாலு நாள் மூழ்கினாலும் தண்ணி வடிஞ்சதும் எழுந்திருக்கும் ரகம் அது. அந்தக் குணமே ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்தது. ஆனால் பூக்கும்போதோ பழுத்த பிறகோ மூழ்கினால் அந்த ரகமும் காப்பாற்றாது. இதை விதை விற்கிறவர்கள் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

நம்ம பாட்டன்மார் கையிலும் இந்த வித்தை இருந்தது. ஆளுயரம் வளர்ந்து வெள்ளத்தில் தலை நிமிர்ந்து நிற்கும் காட்டுயானம், உப்புத் தண்ணிக்குத் தாங்கும் குழிவெடிச்சான் எல்லாம் இந்த மண்ணின் நெல். நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராக நடந்து சொன்னதும், நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி விதையைக் கையில் கொடுத்ததும் இதைத்தான். இருவருமே இன்று இல்லை. விதை இருக்கிறது. விளைச்சல் குறைவு, வாங்க ஆள் வேண்டும் என்பது நிஜம். முழு வயலும் மாறச் சொல்லவில்லை. வடியாத பள்ளத்திலும் உப்பு ஏறிய ஓரத்திலும் ஒரு மா, ரெண்டு மா போட்டுப் பார்ப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இத்தனையும் நாம நம்ம காசில், நம்ம துணிச்சலில் செய்தோம். தமிழ்நாட்டில் நிலம் வைத்திருப்பவர்களில் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்லுது. ஐந்து ஏக்கருக்கு உள்ளே இருப்பவர்கள். இவர்கள் ஒரு போகம் தோற்றால் நகை அடகுக்குப் போகும். ரெண்டு போகம் தோற்றால் பிள்ளை திருப்பூருக்குப் போகும். மூணாவது தோற்றால் நிலமே போகும். இந்தப் பரீட்சையை எத்தனை வருஷம் தனியாக எழுதுவது?

விதிப் புத்தகம் என்ன சொல்லுது?

முதலில் காப்பீடு. 2016-இல் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது, வயல் மூழ்கினால் தனி வயலாகப் பார்த்து இழப்பீடு என்று இருந்தது. 2018-இல் நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? நெல் தண்ணீரில் வாழும் பயிராம்! ஐயா, நெல் தண்ணியில் நிக்கிற பயிர்தான். தண்ணிக்குள்ளே மூழ்கிக் கிடக்கிற பயிர் இல்லே. மீனுக்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா சட்டம் எழுதுவது?

விவசாயிகள் அமைப்புகளும் வெள்ளம் பாதிக்கும் மாநிலங்களும் கேட்டுக் கேட்டு, 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் இறங்கி வந்தது. 2026 காரிஃப் பருவம் முதல் நெல் மூழ்கினால் மறுபடி தனி வயல் இழப்பீடு என்று அறிவித்தது. ஏழு வருஷம் பறித்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் டெல்லியில் அறிவித்தது கடைமடை வயலுக்கு வந்து சேரணும். நமக்கு மூழ்குவது பெரும்பாலும் குறுவை இல்லை, சம்பாவும் தாளடியும்தான். மாநில அறிவிப்பில் அந்தப் பருவங்களுக்கும் தெளிவாக எழுதியிருக்கணும். 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில் படத்தோடு தகவல் தரணும் என்பது விதி. வெள்ளத்தில் கரண்டும் டவரும் போன ஊரில் அது எப்படி முடியும்? எழுதிக் கொடுத்தாலும் வாங்கணும்.

அடுத்தது சராசரிக் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஊருக்கு இவ்வளவு விளையணும் என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள். கடந்த ஏழு வருஷத்தில் நல்லா விளைஞ்ச ஐந்து வருஷத்தின் சராசரியை எடுத்து, அதில் ஒரு பங்கை வரம்பு என்கிறார்கள். ஒரு உதாரணம் சொல்றேன். ஏக்கருக்கு ஐந்து வருஷம் 30 மூட்டை, ரெண்டு வருஷம் மட்டும் 12, 10 என்று விளைஞ்சதாக வெச்சுக்குவோம். கெட்ட ரெண்டும் கழிந்துவிடும். சராசரி 30. அதில் 80 சதவீதம், 24 மூட்டை. இந்த வருஷம் 20 மூட்டை விளைஞ்சா 4 மூட்டை குறைவு. காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்றால் ஆறில் ஒரு பங்கு, 6,000 ரூபாய் கிடைக்கும்.

இப்போது காலம் கெட்டுப்போச்சு. ஏழு வருஷத்தில் மூணு வருஷம்தான் 30 மூட்டை. மிச்சம் 18, 16, 12, 10. நல்ல ஐந்தின் சராசரி 24.8. அதில் 80 சதவீதம் 20-க்கும் கீழே. அதே 20 மூட்டை இந்த வருஷமும் விளைஞ்சா ஒரு பைசா கிடையாது! புயலும் வெள்ளமும் கூடக் கூட நமக்குக் காப்பீடு குறையுது. பிரீமியம் மட்டும் குறையாது. குடை தேவைப்படும் மழையில்தான் குடை சுருங்குது. இதைக் கணக்குத் தெரிந்த நம்ம பிள்ளைகளிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். வெயில் இருந்தால் காய வைக்கலாம். அடைமழையில் 17-க்கு எங்கே போவது? ஒவ்வொரு முறையும் மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும். 2025 அக்டோபரிலும் குறுவை நெல்லுக்கு 22 சதவீதம் கேட்டார்கள், குழு வந்தது, மாதிரி எடுத்தது. குழு வந்து போகும் நாளெல்லாம் ரோட்டோரம் குவித்த நெல் முளைச்சுக்கிட்டு இருக்கும். 2025-26 பருவத்தில் சன்னரகம் குவிண்டால் 2,545 ரூபாய் என்று விலை போட்டார்கள். நிலையத்தில் எடுக்காத நெல்லுக்கு அந்த விலை காகிதத்தில்தான். வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்!

நான்காவது வடிகால். மே மாதம் தூர்வாருவதாகப் படம் வருது. தண்ணீர் வருகிற ஆறும் வாய்க்காலும் பார்க்கிறார்கள், தண்ணீர் போகிற வடிகாலைப் பார்ப்பதில்லை. கடைமடையில் நமக்கு வடிகால்தான் உயிர். அமாவாசை, பௌர்ணமி நேரத்தில் கடல் தண்ணியை வாங்காது. வாங்குகிற சில மணி நேரத்தில் வேகமாக வடியணும். அந்த நேரத்தில் ஆகாயத்தாமரை அடைத்து, சட்ரஸ் கதவு துருப்பிடித்து நின்றால் ஒரு நாளில் வடிவது ஐந்து நாளாகும். முதல் ரெண்டு நாள் தப்பித்த பயிர் ஐந்தாம் நாள் அழுகும். இது இயற்கைச் சீற்றம் இல்லை தோழர்களே, பராமரிப்பில்லாத வடிகால் செய்த சேதம்.

நம்ம பக்கம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்பதோடு நம்மையும் கேட்டுக்கொள்ளணும். வாய்க்கால் கரையை வெட்டி வயலோடு சேர்த்தவர்கள் நம்ம ஊரிலும் உண்டு. சங்கத்துக்காரர் என்றாலும் கரையை விட்டாகணும். ஒரே தலைப்பு வாய்க்காலில் ஆளுக்கு ஒரு நாள் விதைக்காமல், பேசி வைத்து ஒரே வாரத்தில் விதைத்தால் அறுப்பும் சேர்ந்து முடியும், செயின் மெஷினையும் சேர்ந்து பேசலாம். சம்பா பிரீமியத்துக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். கடைசி நாள் கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நிற்காதீர்கள். கட்டிய ரசீதில் சர்வே எண்ணும் பரப்பும் சரியா என்று பார்த்து வாங்குங்கள். வயல் மூழ்கினால் மூன்று நாளுக்குள் படம் எடுங்கள், கிளையில் வந்து பதியுங்கள். படம் எடுக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இளைஞர்கள் கூடவே போகணும்.

நமது கோரிக்கைகள்

1. நெல் மூழ்கினால் தனி வயல் இழப்பீடு என்ற அறிவிப்பை சம்பா, தாளடிக்கும் தெளிவாக அறிவித்து, விவரத்தைத் தமிழில் எல்லாக் கூட்டுறவுச் சங்கங்களிலும் கிராம நிர்வாக அலுவலகங்களிலும் ஒட்ட வேண்டும். எழுத்து மூலம் தரும் புகாரையும் ஏற்க வேண்டும்.

2. பேரிடர் என்று அரசே அறிவித்த வருஷங்கள் அனைத்தையும் சராசரி மகசூல் கணக்கிலிருந்து நீக்க வேண்டும்.

3. குத்தகை விவசாயிகள், கோயில், மட நிலங்களில் சாகுபடி செய்வோர் பெயரில் அடங்கல் வழங்கி, காப்பீடும் நிவாரணமும் உழுகிறவருக்கே கிடைக்கச் செய்ய வேண்டும்.

4. ஒன்றியத்தில் பதிவாகும் மழை அளவைக் கொண்டு ஈரப்பதத் தளர்வு தானாகவே அமலுக்கு வர வேண்டும். கடிதமும் குழுவும் பிறகு வரட்டும். கொள்முதல் நிலையங்களுக்கு உலர்த்தும் இயந்திரமும் மேற்கூரையும் வேண்டும்.

5. செப்டம்பர் முடிவதற்குள் வடிகால்களைத் தூர்வாரி, சட்ரஸ் கதவுகளைச் சீரமைக்க வேண்டும்.

6. மறு விதைப்புக்குக் குறுகிய, மத்திய கால ரக விதைகளை ஒன்றியம்தோறும் இருப்பு வைத்து, பாதித்தவர்களுக்கு இலவசமாக வழங்க வேண்டும்.

7. 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண நெறிமுறையில் பாசனப் பயிருக்கு வைத்த ஹெக்டேருக்கு 17,000 ரூபாயை, சாகுபடிச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு உயர்த்த வேண்டும்.

தோழர்களே, மழையை எதிர்த்து யாரும் ஆர்ப்பாட்டம் செய்ய முடியாது. மழை மனு வாங்காது. விதி எழுதியவன் மனுஷன், அவன் மனு வாங்கித்தான் ஆகணும். 2018-இல் பறித்த மூழ்கல் இழப்பீடு 2025-இல் திரும்பி வந்ததே அதற்குச் சாட்சி. வாய் திறந்து கேட்டதால் வந்தது. மிச்சத்தையும் கேட்டு வாங்குவோம்.

வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி நெல் எடுத்து வாருங்கள். முளைச்ச நெல் வைத்திருப்பவர்கள் அதையே எடுத்து வாருங்கள். மேசை மேல் வைப்போம். நாள், நேரம் கிளைகளில் அறிவிக்கப்படும்.

குடும்பத்தோடு வாரீர்! கொடியோடு வாரீர்!

உழுகிறவன் ஒற்றுமை ஓங்குக!